காயக்காரர் உள்ளே வரும்போது யார் எங்கே நிற்பது?

கேள்வி இதுதான்: இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்து ஆதார வைத்தியசாலை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை. த்ரீவீலரோ வேனோ பள்ளத்தில் விழுந்து பலத்த காயத்தோடு ஒருவர் வந்தால், பகலில் பத்துப் பேர் கூடிவிடுகிறார்கள். ஆனாலும் முதல் இருபது நிமிடத்தில் உருப்படியாக எதுவும் நடந்த மாதிரித் தெரிவதில்லை. இரவிலோ நாலைந்து பேர்தான். பெரிய ஆஸ்பத்திரிகளில் சொல்கிற 'பல்துறைக் குழு' எங்களுக்கு எப்படிச் சாத்தியம்?

சாத்தியம்தான். சொல்லப்போனால் காயக்காரரை ஒழுங்கு வரிசையில் பார்க்கிற இன்றைய முறையே சின்ன ஆஸ்பத்திரி ஒன்றின் அனுபவத்திலிருந்து பிறந்தது. 1976இல் ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு சத்திரசிகிச்சை நிபுணர் குடும்பத்தோடு தானே ஓட்டிவந்த சிறு விமானம் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்துச் சோள வயலொன்றில் விழுந்தது. மனைவி அந்த இடத்திலேயே இறந்தார். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போன கிராமத்து ஆஸ்பத்திரியில் எதை முதலில் செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த அனுபவத்திலிருந்துதான் 1978இல் அதே மாநிலத்தில் முதல் பயிற்சி வகுப்பு நடந்தது. பலத்த காயத்துக்கான உயிர்காப்புப் பயிற்சியாக, ஏ.டி.எல்.எஸ். என்ற பெயரில், இன்று உலகெங்கும் படிப்பிக்கப்படுவது அதுவே. ஆகவே ஆள் குறைவு என்பதற்காக இதை ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை.

பத்துப் பேர் நின்றும் வேலை நகராததற்குக் காரணம் வாட்டுப் பழக்கம். வாட்டில் ஒருவர் பார்த்து, டிக்கட்டில் (நோயாளியின் பதிவுத்தாளில்) எழுதி, அடுத்த பிரிவுக்கு ரெஃபர் பண்ணுவார். அவர் வந்து பார்த்து இன்னொருவருக்கு ரெஃபர் பண்ணுவார். வயிற்று வலிக்கு இது போதும். இரத்தம் போய்க்கொண்டிருப்பவருக்கு அந்த ஒவ்வொரு ரெஃபரலும் பத்து நிமிடம், ஒவ்வொரு பத்து நிமிடமும் இரத்தம். குழுவாக இயங்குவதன் பயன், மூச்சுக்குழாயைப் பார்ப்பது, இரத்தத்தை நிறுத்துவது, ஊசி ஏற்றுவது, இரத்த வங்கிக்குச் சொல்வது எல்லாம் ஒரே நேரத்தில் நடப்பது. அது நடக்க வேண்டுமானால் காயக்காரர் வருவதற்கு முன்பே ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் இருக்க வேண்டும்.

ஐந்து பேர் என்றால் இப்படி. தலைமை வைத்தியர் ட்ரோலியின் கால்மாட்டில் நிற்பார். தலைமாட்டில் மூச்சுவழியைப் பார்ப்பவர். மயக்க மருந்து வைத்தியர் இருந்தால் அவர், இல்லாவிட்டால் அதில் கை பழகிய வைத்திய அதிகாரி. வலது பக்கம் உடம்பைப் பரிசோதித்து, தேவையானால் நெஞ்சுக்குக் குழாய் போடுபவர். இடது பக்கம் மிஸ் (தாதி) ஒருவர்: இரண்டு கையிலும் 16 அல்லது 14 கேஜ் கெனியூலா (நாளத்தில் ஏற்றும் தடித்த ஊசிக்குழாய்), அதே குத்திலேயே கிராஸ்மெட்சுக்கு, அதாவது ஏற்றும் இரத்தம் பொருந்துமா என்று பார்க்க, இரத்தம், பிறகு மருந்து. ஐந்தாவது சிற்றூழியர்: கத்தரிக்கோலால் உடுப்பை வெட்டுவார், உடம்பைத் திருப்பும்போது கை கொடுப்பார், இரத்த வங்கிக்கு ஓடுவார். ஆறாவது ஆள் கிடைத்தால் நேரம் எழுதுபவர். இல்லாவிட்டால் தலைமை வைத்தியரே எழுதலாம், ஏனென்றால் அவர் கைகள் சும்மா இருக்க வேண்டியவை.

அந்தக் கடைசி வார்த்தையில்தான் அதிகம் தவறுகிறது. தலைமை வைத்தியர் பொறுமையிழந்து தானே ஒரு கெனியூலா போடக் குனிகிறார். அந்த இரண்டு நிமிடம் குழுவுக்குத் தலை இல்லை. மொனிட்டரில் பிரஷர் 70க்கு இறங்கியதை ஒருவரும் பார்க்கவில்லை. கட்டாயம் கை வைக்கத்தான் வேண்டுமென்றால், "நான் நெஞ்சுக் குழாய் போடப் போகிறேன், இனி நீங்கள் லீட்" என்று வாய்விட்டு இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுக் குனிய வேண்டும். சத்திரசிகிச்சை நிபுணர் பாதியில் வந்து சேரும்போதும் இதே விதிதான். பதவியில் பெரியவர் வந்ததுமே எல்லோரும் அவர் பக்கம் திரும்பி, முன்பு இருந்தவர் மௌனமாகிவிடுவார். யார் சொல்வதைக் கேட்பதென்று மிஸ்மார் முழிப்பார்கள். வந்தவர் முப்பது வினாடி நிலைமையைக் கேட்டு, தலைமையை எடுப்பதா இல்லையா என்று சத்தமாகச் சொல்லட்டும்.

பேசும் முறைக்கு வருவோம். "யாராவது பிளட் எடுங்க" என்றால் யாரும் எடுக்க மாட்டார்கள், அல்லது இருவர் எடுப்பார்கள். "கலா மிஸ், ட்ரனெக்சமிக் அசிட் ஒரு கிராம், பத்து நிமிடத்தில்" என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும், அவர் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும், கொடுத்து முடிந்ததும் "கொடுத்தாச்சு, 8.42" என்று சொல்ல வேண்டும். நம்முடைய வைத்தியசாலைகளில் தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் ஒரே வாக்கியத்தில் ஓடும். அதில் தப்பில்லை. எண்ணில் மட்டும் தப்பு வரும்: ஃபிஃப்டீன், ஃபிஃப்டி இரண்டும் சத்தத்துக்கு நடுவே ஒன்றாகவே கேட்கும். ஆகவே 'வன் ஃபைவ்', 'ஃபைவ் சீரோ' என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள்.

மொழி விஷயத்தில் இன்னொன்றை மலையகத்தில் வேலை செய்கிறவர்கள் குழுவின் உறுப்பாகவே எண்ண வேண்டும். தோட்டத்திலிருந்து வருகிற பலருக்குச் சிங்களத்தில் தன் வலியைச் சொல்ல வராது. பணியிலுள்ள வைத்தியருக்குத் தமிழ் வராமல் இருக்கலாம். அந்த நேரத்தில் கூட வந்த பத்து வயது மகனை மொழிபெயர்க்க விடுகிறார்கள். தாய்க்கு மாதவிடாய் எப்போது, கர்ப்பமா என்று பிள்ளையிடம் கேட்க முடியுமா? தமிழ் பேசுகிற ஒருவரை, மிஸ்ஸோ சிற்றூழியரோ, தலைமாட்டுக்கு அருகே நிறுத்தி அவருக்கு அதையே வேலையாகக் கொடுங்கள். கேட்க வேண்டியவை ஐந்து: எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, என்ன மருந்து குடிக்கிறார், பழைய வருத்தமோ கர்ப்பமோ உண்டா, கடைசியாக எப்போது சாப்பிட்டார், எப்படி அடிபட்டது. பிரஷருக்கு அட்டெனலோல் குடிக்கிற பெரியவருக்கு எவ்வளவு இரத்தம் போனாலும் நாடி ஏறாமல் 80இலேயே நிற்கலாம். அந்த ஒரு பதில் கிடைக்காவிட்டால் குழு முழுவதுமே ஏமாந்துபோகும். அதோடு, கழுத்தை அசைக்காதீர்கள், இப்போது உடுப்பை வெட்டப் போகிறோம், பயப்படாதீர்கள் அம்மா என்று தன் மொழியில் ஒரு குரல் கேட்டால் காயக்காரர் கையைக் காலை உதறாமல் படுத்திருப்பார். மயக்க ஊசி இல்லாமலே பாதி வேலை அதில் முடிகிறது.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வருகிற அம்புலன்ஸில் வருகிறவரைப் பற்றி முன்கூட்டியே தகவல் கிடைத்தால் ஐந்து பத்து நிமிடம் நம் கையில் இருக்கும். அந்த நிமிடங்களில் ஹீட்டரைப் போட்டு அறையைச் சூடாக்குங்கள், சேலைனைச் சூட்டுப் பெட்டியிலிருந்து எடுங்கள், சக்ஷனை இயக்கிப் பாருங்கள், இரத்த வங்கிக்கும் எக்ஸ்ரேக்கும் சொல்லுங்கள். ஆனால் தோட்டத்திலிருந்து பலர் த்ரீவீலரில், கொழுந்து லொறியில், சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்குவார்கள். ஆகவே யார் எந்த இடம் என்பதை ஒவ்வொரு ஷிஃப்டும் தொடங்கும்போதே வெள்ளைப் பலகையில் எழுதிவிடுவதுதான் பாதுகாப்பு. கொண்டுவந்தவர்கள் சொல்வதை 45 வினாடி, எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு கேட்க வேண்டும்: எப்படி அடிபட்டது, எங்கே காயம், நாடியும் பிரஷரும் எப்படி, வழியில் என்ன செய்தார்கள். இரத்தம் பீறிடுகிறது, அல்லது நாடியே இல்லை என்றால் மட்டும் இந்த 45 வினாடிக்குக் காத்திருக்கக் கூடாது.

இனி இரத்தம். மலையகத்தில் இந்தக் கணக்கைத் தனியாகவே போட வேண்டும். உடம்பில் ஒரு கிலோவுக்குச் சுமார் 70 மில்லிலீட்டர் இரத்தம். 45 கிலோ எடையுள்ள கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணுக்கு மொத்தமே 3,150 மில்லிலீட்டர். அதில் 30 சதவீதம், அதாவது 945 மில்லிலீட்டர் போகும்வரை பிரஷர் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். அதற்குப் பிறகு சடாரென்று விழும். தொடை எலும்பு ஒன்று முறிந்தாலே ஒரு லீட்டருக்கு மேல் தசைக்குள் தேங்கலாம், வெளியில் ஒரு சொட்டும் தெரியாது. ஏற்கெனவே இரத்தசோகை உள்ளவர் என்றால் மிச்சமுள்ள இரத்தமும் ஒக்சிஜனைத் தேவைக்கேற்பச் சுமக்காது. ஆகவே இவருக்கு "பிரஷர் 110 இருக்கிறதே, நாடி மட்டும் 120தானே" என்று காத்திருப்பது பெரிய பிழை. நாடி, வெளிறிய உள்ளங்கை, குளிர்ந்த பாதம், காரணமில்லாத பதற்றம், இவைதான் முதல் சைகைகள்.

செய்ய வேண்டியதும் தாமதிக்க முடியாதது. வெளிக்காயத்தை அழுத்திப் பிடிப்பது, கை கால் என்றால் டூர்னிக்கெட் (காயத்துக்கு மேலே இறுகக் கட்டும் பட்டி), கட்டிய நேரத்தைத் தோலிலேயே பேனையால் எழுதுவது. இடுப்பெலும்பு உடைந்திருக்கும் என்ற சந்தேகம் வந்தாலே இடுப்புப் பட்டி. பட்டி இல்லாவிட்டால் மடித்த படுக்கை விரிப்பு போதும். ஆனால் எங்கே கட்டுகிறோம் என்பது முக்கியம். பெல்ட் போடுகிற இடத்தில், இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் கட்டுவதைத்தான் அடிக்கடி காண்கிறோம். அது பிழை. தொடையின் வெளிப்பக்கம் மேலே கைக்குத் தட்டுப்படுகிற எலும்பு முடிச்சு இரண்டுக்கும் நேராக வர வேண்டும். முழங்காலையும் பாதங்களையும் உள்நோக்கித் திருப்பிக் கட்ட வேண்டும். இடுப்பை அமுக்கி ஆட்டிப் பார்க்கவே கூடாது. அப்படி ஆட்டினால் உறைந்த கட்டி உடைந்து மறுபடி ஓடும்.

உறைந்த இரத்தம் கரையாமல் காக்கும் ட்ரனெக்சமிக் அசிட் ஒரு கிராம் பத்து நிமிடத்தில், பிறகு இன்னொரு கிராம் எட்டு மணி நேரத்தில். இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து 2010இல் வெளியான கிராஷ்-2 ஆய்வின் தரவை 2011இல் மறுபடி பிரித்துப் பார்த்தது காட்டியது, அடிபட்டு மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன் என்பதை. அதற்குப் பிறகு தொடங்கினால் கெடுதல். தோட்டத்திலிருந்து வந்து சேரவே இரண்டு மணி நேரம் போயிருக்கும் என்பதால், அடிபட்ட நேரத்தைக் கேட்டு எழுதுவது இங்கே வெறும் பதிவு வேலை ஆகாது. சேலைன் ஒரு லீட்டரோடு நிற்கட்டும். அதற்கு மேல் வேண்டியது இரத்தம். சிவப்பணு, பிளாஸ்மா, பிளேட்லெட் மூன்றும் சம அளவில் கிடைத்தால் நல்லது. ஓ நெகட்டிவ் குறைவு. அதைக் குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் வைத்துக்கொண்டு ஆண்களுக்கு ஓ பொசிட்டிவ் கொடுக்கலாம். நாலு யூனிட் ஏறியதும் 10 சதவீத கல்சியம் குளுக்கோனேட் 30 மில்லிலீட்டர். இரத்தப் பையிலுள்ள சிட்ரேட், உறைவதற்குத் தேவையான கல்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் இது. இரத்த வங்கிக்காரரையும் குழுவில் ஒருவராக நினையுங்கள்: "அவசரம், அனுப்புங்கள்" என்பதை விட "இடுப்பு உடைந்த பெண், 45 கிலோ, இப்போது இரண்டு யூனிட், அரை மணியில் இன்னும் நாலு" என்றால் அவரால் உறைந்த பிளாஸ்மாவை முன்கூட்டியே இளக்கிவைக்க முடியும்.

குளிரைச் சிலர் சிறு விஷயமாக எடுத்துக்கொள்கிறார்கள். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். மழையில் நனைந்த சேலை, இடுப்பில் கட்டிய படங்கு, அதற்குள் சேறு. அப்படியே ஒரு மணி நேரம் பள்ளத்தில் கிடந்தவர் வரும்போது உடல் வெப்பம் 35க்குக் கீழே போயிருக்கும். குளிர்ந்த இரத்தம் உறையாது. உறையாத இரத்தம் ஓடிக்கொண்டே இருக்கும், ஓடினால் திசுக்களில் அமிலம் சேரும், அமிலம் சேர்ந்தால் இன்னும் உறையாது. இந்தச் சுழலை உடைப்பது நிபுணரின் வேலை மட்டுமில்லை. ஈர உடுப்பை முழுக்க வெட்டி எடுத்து, துடைத்து, காய்ந்த கம்பளியால் மூடுகிற சிற்றூழியரின் வேலை. பரிசோதிக்கத் திறந்த இடத்தைப் பார்த்த உடனே மூட வேண்டும். வெட்டிய உடுப்பைக் குப்பையில் போடாமல் காகிதப் பையில் வையுங்கள். பொலிசுக்கும் சட்ட வைத்திய அதிகாரிக்கும் தேவைப்படும்.

தோட்டத்துக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. குளவி கொட்டி ஓடும்போது சரிவில் விழுந்தவர்: பிரஷர் 80. இரத்தம் போனதாலா, குளவி விஷத்துக்கு ஒவ்வாமையாலா? இரண்டுமாகவும் இருக்கலாம். தோலில் தடிப்பு, மூச்சிழுப்பு, உதடு வீக்கம் இருந்தால் அட்ரினலின் 0.5 மில்லிகிராம் தொடைத் தசையில் உடனே. ஆனால் அதற்காக வயிற்றையும் நெஞ்சையும் ஸ்கேன் பண்ணிப் பார்ப்பதை நிறுத்தக் கூடாது. மருத்துவப் பிரிவு ஒரு காரணத்தையும் சத்திரசிகிச்சைப் பிரிவு இன்னொரு காரணத்தையும் பிடித்துக்கொண்டு நிற்பது இந்த மாதிரி இடத்தில்தான்.

பிரிவுகளுக்கிடையே உண்மையான கருத்து வேறுபாடு வருகிற இடம் இலக்குப் பிரஷர். வயிற்றில் இரத்தம் போகிறவருக்கு, தியேட்டரில் நிறுத்தும்வரை மேல் பிரஷர் 80 முதல் 90 போதும் என்பார் சத்திரசிகிச்சை நிபுணர். ஏற்றினால் உறைந்தது பிய்த்துக்கொண்டு ஓடும். தலையிலும் அடிபட்டவருக்கு அது பொருந்தாது. மூளைக்கு இரத்தம் போக 110க்குக் குறையாமல் வேண்டும், ஒக்சிஜன் ஒரு தடவைகூட 90க்குக் கீழே போகக் கூடாது. தலைமை வைத்தியர் இரண்டையும் கேட்டு ஓர் எண்ணைச் சொல்லிப் பலகையில் எழுத வேண்டும். இதே போல, இரத்தம் வடிந்து பிரஷர் இல்லாதவருக்கு அவசரப்பட்டு மயக்கி மூச்சுக்குழாய்க்குள் குழாய் போட்டால் அந்த நிமிடமே இருதயம் நின்றுபோகலாம். மயக்க மருந்து நாளங்களைத் தளர்த்துகிறது, அழுத்திச் செலுத்தும் காற்று இருதயத்துக்குத் திரும்பும் இரத்தத்தைத் தடுக்கிறது. முதலில் இரத்தம் ஏறட்டும், மயக்க மருந்தாகக் கெட்டமின், அதுவும் வழக்கமான அளவில் பாதி. பிரஷர் நிலையாக இல்லாதவரை சி.டி. ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டாம். கட்டிலருகே அல்ட்ராசவுண்ட், நெஞ்சு எக்ஸ்ரே, இடுப்பு எக்ஸ்ரே போதும்.

உங்களைப் போன்ற வைத்தியசாலைக்கு மிகப் பெரிய முடிவு, கண்டி தேசிய வைத்தியசாலைக்கு அனுப்புவதா என்பது. வந்து பதினைந்து நிமிடத்துக்குள் அதைத் தீர்மானித்துவிடுங்கள். எல்லா எக்ஸ்ரேயும் எடுத்த பிறகு போன் பண்ணுவது என்ற வழக்கத்தில் ஒரு மணி நேரம் வீணாகிறது. அங்கே எப்படியும் சி.டி. எடுப்பார்கள். ஆனால் வழியில் கொல்லக்கூடியதை இங்கேயே தீர்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். நெஞ்சில் காற்றோ இரத்தமோ தேங்கியிருந்தால் குழாய் போட்ட பிறகே பயணம், வழியில் அதைக் கிளாம்ப் போட்டு அடைக்கக் கூடாது. போட்டதுமே 1,500 மில்லிலீட்டர் வந்தால் அவருக்குத் தேவை நெஞ்சைத் திறக்கக்கூடிய சத்திரசிகிச்சை நிபுணர். நினைவு குறைந்தவருக்கு இரைப்பையில் குழாய். மலைப்பாதை வளைவுகளில் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போவது இதனால் தடுக்கப்படும். மண்டையின் அடிப்பகுதி உடைந்திருக்கும் சந்தேகம் இருந்தால் அந்தக் குழாயை மூக்கு வழியாக விடாமல் வாய் வழியாக விட வேண்டும்.

ஒக்சிஜன் கணக்கை யாராவது ஒருவர் காகிதத்தில் போட்டே ஆக வேண்டும். நிமிடத்துக்கு 15 லீட்டர், கண்டிக்கு இரண்டரை மணி நேரம் என்று வைத்தால், 150 நிமிடம்: 2,250 லீட்டர். மண் சரிந்து பாதை தடைப்படும், மூடுபனியில் ஊர வேண்டியிருக்கும் என்பதால் இரட்டிப்பாக 4,500 லீட்டர். ட்ரோலிக்குக் கீழே மாட்டுகிற சின்ன சிலிண்டரில் இருப்பது ஏறத்தாழ 680 லீட்டர். அது 45 நிமிடத்தில் தீரும். கூடப் போகிறவர், மூச்சுக்குழாய்க்குள் போட்ட குழாய் விலகினால் மறுபடி போடத் தெரிந்தவராக இருக்க வேண்டும். கையில் டிக்கட்டின் பிரதி, கொடுத்த மருந்தும் நேரமும், டூர்னிக்கெட் கட்டிய நேரம், உறவினர் ஒருவரின் போன் இலக்கம். அந்த உறவினருக்கு எங்கே கொண்டுபோகிறோம், ஏன் என்று தமிழில் சொல்லிவிட்டு வண்டியை எடுங்கள். லயத்திலிருந்து வந்தவர் கண்டியில் எந்த வாட்டென்று தெரியாமல் அலைவது தடுக்கப்படும்.

பஸ் விழுந்தால் கதை வேறு. 2025 மே 11ஆம் தேதி கொத்மலை கெரண்டி எல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படியான நாளில் நடக்க முடிந்தவர்களே கிடைத்த வண்டியில் முதலில் வந்து கட்டில்களை நிரப்பிவிடுவார்கள்; நகர முடியாதவர்கள் பின்னால்தான் வருவார்கள். வாசலிலேயே அனுபவமுள்ள ஒருவர் நின்று சிவப்பு (உடனே பார்க்க வேண்டியவர்), மஞ்சள் (சற்றுப் பொறுக்கக்கூடியவர்), பச்சை (சிறு காயம்) என்று பிரிக்க வேண்டும், பச்சைக்காரரை ஓ.பி.டி. பக்கம் அனுப்ப வேண்டும். வாசலில் நிற்பவர் வைத்தியம் செய்யத் தொடங்கினால் பிரிக்கிற வேலை நின்றுவிடும்.

நாலு பேர் மட்டுமே உள்ள இரவுக்கு: தலைமை வைத்தியரே பரிசோதனையையும் செய்வார், தலைமாட்டில் இருப்பவர் மொனிட்டரைப் பார்த்து எண்களைச் சத்தமாகச் சொல்வார், மிஸ் மருந்தோடு எழுதுவதையும் பார்ப்பார், சிற்றூழியரின் வேலை அப்படியே. நெஞ்சுக் குழாய் போட வேண்டி வந்தால் அந்த நேரத்துக்குத் தலைமை தலைமாட்டில் இருப்பவருக்குப் போகும். இதைக் காயக்காரர் இல்லாத ஓர் இரவில், வெற்று ட்ரோலியை உள்ளே தள்ளிக்கொண்டு வந்து பத்து நிமிடம் செய்து பாருங்கள். கத்தரிக்கோல் எந்த லாச்சியில் என்று இருவர் இரண்டு பதில் சொல்வார்கள், சூட்டுப் பெட்டியின் பிளக் கழன்று கிடக்கும், ஒக்சிஜன் சிலிண்டரைத் திறக்கிற சாவியைக் காணவில்லை என்பது தெரியவரும். சாவியைச் சிலிண்டரோடு நூலில் கட்டிவிட்டு அடுத்த ஷிஃப்டுக்குக் கொடுங்கள்.